உப்புக் காற்று வீட்டுக்கு ஒரு டிரில்லிங் மிஷின்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் பால் காய்ச்சிய மறுநாளே வந்து கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, டிரில்லிங் மிஷின் இருக்கா?” கொடுத்து அனுப்புவேன். இரண்டு மூன்று முறை வாங்கிப் போனதும் அவர்களுக்கே சங்கடமாகிவிடும். “சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். விலை கம்மியா எது நல்லதுண்ணே?” என்று வந்து நிற்பார்கள். அவர்களை உட்கார வைத்துச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மிஷினைக் கையில் பிடித்தே பார்க்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்குப் போனால் எத்தனை வாட் என்று பேசுவார்கள். போனில் தேடினால் ‘நூறு பொருள் அடங்கிய பெட்டி’ என்று காட்டும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இந்தக் கடற்கரையில் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, உங்கள் வீட்டுச் சுவர் எதனால் கட்டியது. இன்னொன்று, உப்பு. வீட்டு மிஷின் ஒரு வருடத்தில் மொத்தமாக ஓடுவது சில மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் அலமாரியில் கிடந்து உப்புக் காற்றைக் குடிக்கிறது. நம் ஊரில் வேலை செய்து வீணாகும் மிஷினைவிடச் சும்மா கிடந்து வீணாகும் மிஷின்தான் அதிகம்.

என் முதல் மிஷின் அப்படித்தான் போனது. விலை மலிவு என்று பேர் தெரியாத ஒன்றை வாங்கி, கடல் பக்கத்து ஜன்னலுக்கு மேலே இருந்த பரணில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு எடுத்தால் சக் (துளை போடும் கம்பியான பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பக்க வாய்) திரும்பவே இல்லை. உள்ளே துரு பிடித்து இறுகிவிட்டது. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது, பிட்டைத்தான் மாட்ட முடியவில்லை. பேர் தெரியாத மிஷின் என்பதால் மாற்றுச் சக்கும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த மிஷினைக் கையில் எடுத்தாலும் அதன் சக்கைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சுவரைத் தட்டிப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, துளை போட வேண்டிய இடங்களையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்.

செங்கல் சுவர் ‘டொக் டொக்’ என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். ஹாலோபிளாக் சுவரில் சில இடம் கெட்டியாகவும் சில இடம் வெறும் கூடாகவும் கேட்கும். தூண், பீம், லிண்டல், தளம் இவை காங்கிரீட். தட்டினால் கைதான் வலிக்கும், சத்தம் வராது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு எங்கே எது இருக்கிறது என்று ஓரளவு தெரிந்திருக்கும். வாடகை வீடு என்றால் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சுவரில் ஓட்டை போட்டதால் அட்வான்ஸில் பிடித்தம் செய்யும் வீட்டுக்காரர்கள் உண்டு.

எங்கள் பக்கத்துக்கே உரிய சுவர் ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிலவற்றைக் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது அந்தக் கல்லைத் தொட முடியாது. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் அப்படிப்பட்ட சுவர் உங்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் மரியாதையாகவே நடத்துங்கள், இனி அதுபோல் ஒன்றைக் கட்ட முடியாது. அந்தக் கல் முழுக்கப் பொடிப் பொடித் துவாரம். ஹேமர் போட்டு, அதாவது பிட் சுற்றிக்கொண்டே தட்டும்படி வைத்து அடித்தால் நாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பெரிய குழிதான் மிஞ்சும், சுற்றியிருக்கும் சுண்ணாம்புப் பூச்சும் பாளமாகப் பெயர்ந்து விழும். சாதாரணச் சுழற்சியில், மெதுவாக, கையின் கனம்கூட விழாமல் துளைக்க வேண்டும். கனமான சாமானை ஒரே ஆணியில் தொங்கவிடக் கூடாது. நீளமான பலகை ஒன்றை நாலைந்து இடத்தில் முடுக்கி, சாமானை அந்தப் பலகையில் மாட்டுங்கள்.

அப்புறம் பனை. ராமநாதபுரம் மாவட்டத்தில் பனஞ்சட்டம் இல்லாத பழைய கூரையைப் பார்ப்பது அரிது. பனையின் வெளிப்பக்கம் கறுத்த நார் ஓடி இரும்பு மாதிரி இருக்கும், நடுப்பகுதி சோறு. மழுங்கின பிட்டை வைத்து அழுத்தினால் புகைதான் வரும். கூரான 3 அல்லது 4 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டை (மரம், இரும்புக்கான எஃகு பிட்) வைத்து முதலில் சின்னத் துளை போட்டு, நடுநடுவே பிட்டை வெளியே இழுத்து நாரை எடுத்துவிட்டு, அதன் பிறகு பெரிதாக்க வேண்டும்.

ஹேமர் என்று சொல்வதில் இரண்டு வகை

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கடையில் “ஹேமர் இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்பார்கள். எந்த ஹேமர் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும்.

வீட்டுக்கு வாங்கும் இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசிக் கடகடவென்று பிட்டை முன்னும் பின்னும் ஆட்டுகின்றன. நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல் தட்டும், ஆனால் ஒவ்வொரு தட்டும் மிகச் சின்னது. அது வேலை செய்ய வேண்டுமானால் நீங்கள் பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். செங்கல், ஹாலோபிளாக், பூச்சு இதற்கெல்லாம் இது தாராளம்.

ரோட்டரி ஹேமர் என்பது வேறு. அதற்குள் பிஸ்டன் ஒன்று காற்றை அமுக்கி, அந்தக் காற்றின் வேகத்தில் பிட்டை அடிக்கிறது. தட்டும் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் சம்மட்டி அடி. தள்ளவே வேண்டாம், பிடித்துக்கொண்டிருந்தால் போதும். அதில் மாட்டும் பிட்டின் அடிப்பக்கத்தில் காடி வெட்டியிருக்கும், எஸ்.டி.எஸ். பிட் என்று பெயர். சாதாரணச் சக்கில் அது சேராது. தளத்திலும் பீமிலும் துளை போட இதுதான் சரியான மிஷின்.

ஆனால் வீட்டுக்கு அதை வாங்காதீர்கள் என்பேன். தளத்தில் ஃபேன் கொக்கி மாட்டுவதும் பீமில் பைப் கிளாம்ப் அடிப்பதும் வருடத்துக்கு ஒரு முறை வந்தாலே பெரிது. அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அல்லது எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். இம்பாக்ட் டிரில்லை வைத்துக்கொண்டு தளத்தோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுற்றும் காயிலை) எரித்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். காயில் கட்டக் கொடுத்தால் கிட்டத்தட்டப் பாதி மிஷின் விலை போய்விடுகிறது.

வயரா, பேட்டரியா

பேட்டரி மிஷின் பார்க்க அழகு, தூக்க லேசு, எல்லாரும் அதைத்தான் ஆசைப்படுகிறார்கள். திருகாணி முடுக்குவதற்கும் பலகையில், கதவில் துளை போடுவதற்கும் 12 வோல்ட் பேட்டரி மிஷின் நன்றாகவே இருக்கும். சுவர் வேலைக்கு அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். சுவருக்குத் தாங்குகிற 18 வோல்ட் மிஷின் நல்ல கம்பெனியில் வாங்கப் போனால் நம் பட்ஜெட் தாண்டிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. எப்போதாவது ஓட்டும் வீட்டில் பேட்டரி வேலையே செய்யாமல் கிழடாகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்னும் சீக்கிரம்.

அதனால் முதல் மிஷின் வயர் மிஷினாகவே இருக்கட்டும். ஐந்து வருடம் கழித்து எடுத்தாலும் பிளக்கைச் சொருகினால் ஓடும். படகுத் துறையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கும் கரண்ட் வசதி இல்லாத கொல்லைப்புறத்தில் வேலை இருப்பவர்களுக்கும் மட்டும் இது பொருந்தாது.

கேட்டு வாங்க வேண்டியது

கடையில் இப்படிக் கேளுங்கள்: 500 முதல் 650 வாட் இம்பாக்ட் டிரில், 13 மி.மீ. சக், வேகம் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், பின்பக்கமாகச் சுற்றும் வசதி, பக்கவாட்டுக் கைப்பிடி. பாஷ், பிளாக் அண்ட் டெக்கர், ஸ்டான்லி போன்ற பேர் தெரிந்த கம்பெனிகளில் இந்த வகை ஏறக்குறைய 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும். கடைக்குக் கடை முன்பின் இருக்கும். 10 மி.மீ. சக் உள்ளது இன்னும் குறைவு. வீட்டுச் சில்லறை வேலைகள் மட்டும் என்றால் அதுவும் போதும்.

சக் 13 மி.மீ. என்றால் 13 மி.மீ. தண்டு வரை உள்ள பிட்டை அது பிடிக்கும் என்று அர்த்தம். காங்கிரீட்டில் அவ்வளவு பெரிய துளையைச் சுகமாகப் போடும் என்று அர்த்தமில்லை. பெட்டியின் பக்கவாட்டில் மரத்துக்கு எவ்வளவு, இரும்புக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அச்சடித்திருப்பார்கள். அந்த எண்களைத்தான் படிக்க வேண்டும்.

கையால் இறுக்கும் சாவியில்லாச் சக் ஒன்றும் வருகிறது. வசதிதான், ஆனால் உப்பு ஊருக்கு நான் சாவிச் சக்கைத்தான் சொல்வேன். உள்ளே பாகங்கள் குறைவு, எண்ணெய் விடுவது சுலபம், கொஞ்சம் இறுகினாலும் சாவியைப் போட்டு நெம்பித் திறந்துவிடலாம். சாவியை மட்டும் தொலைக்கக் கூடாது. வயரின் பிளக் பக்கத்தில் டேப்பால் ஒட்டி வையுங்கள். அப்படி ஒட்டியிருந்தால், சாவியை எடுக்கும்போதே பிளக்கையும் கழற்ற வேண்டியிருக்கும். பிட் மாற்றும் நேரத்தில் கை தவறி மிஷின் ஓடிவிடும் ஆபத்தும் அதோடு போகும்.

பிளக்கில் இரண்டு முள் மட்டும் இருக்கிறதே, எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். மிஷின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் இரட்டைக் காப்பு உள்ளது என்று பொருள், அதற்கு எர்த் தேவையில்லை. அந்த அடையாளமும் இல்லை, மூன்றாவது முள்ளும் இல்லை என்றால் அந்த மிஷினைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். இதற்காகவே நான் ராமநாதபுரம் டவுனுக்குப் போய் வாங்கச் சொல்கிறேன். பஸ் காசு போனாலும் பரவாயில்லை. நீளமான பிட் ஒன்றை மாட்டச் சொல்லி, மெதுவாகச் சுற்றவிட்டு, பிட்டின் நுனியைப் பாருங்கள். நுனி வட்டமடித்தால் சக் கோணல். சுவிட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும்போது வேகமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். ஒரேயடியாகப் பாயக் கூடாது. பின்பக்கக் காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் சின்ன நீலப் பொறி தெரியும், அது மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை உரசுவது, இயல்பானது. சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் வளையமாகப் பொறி பறந்தால் வேண்டாம்.

புறப்படும் முன் இரண்டு கேள்வி. வாரண்டியில் பழுது பார்க்க எந்த ஊருக்குப் போக வேண்டும்? ராமநாதபுரத்திலேயே முடியுமா, மதுரைக்குத் தூக்க வேண்டுமா? இந்த மாடலுக்குக் கார்பன் தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் ஒரு ஜோடியை அப்போதே வாங்கிவிடுங்கள், பெரிய விலையில்லை. கார்பனும் சக்கும் கிடைக்கிற மிஷின் நம்மோடு பல வருடம் இருக்கும்.

மிச்சக் காசைப் பிட்டிலும் திருகாணியிலும் போடுங்கள்

நூறு பொருள் பெட்டியை வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன். அதில் சுத்தியல், ஸ்பேனர், இடுக்கி எல்லாம் இருக்கும். பிட் மட்டும் பெரும்பாலும் இரண்டு துளைக்குள் மழுங்கிவிடும். மிஷின் சரியில்லை என்று நம்மிடம் வந்து புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிட்தான் சரியில்லை. நுனியில் கார்பைடு வைத்த சுவர் பிட் 6, 8, 10 மி.மீ. மூன்றும், எச்.எஸ்.எஸ். பிட் 3, 4, 6 மி.மீ. மூன்றும் நல்லதாகத் தனித்தனியே வாங்குங்கள். வீட்டுக்கு இந்த ஆறு போதும். சுவர் பிட்டின் நுனி மண்வெட்டி மாதிரி அகன்று வேறு நிறத்தில் தெரியும், அதை மரத்திலோ இரும்பிலோ வைக்கக் கூடாது.

திருகாணி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1914 இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துருவோடு போராடியே தலைமுறைகள் கழிந்தன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாலத்துக்கே அந்தக் கவலை என்றால், நாம் சுவரில் முடுக்கும் சாதாரணத் திருகாணி எந்த மூலைக்கு? தங்க நிறத்தில் பளபளக்கும் திருகாணி ஒரு மழைக்காலம் தாண்டினாலே பழுப்பு நீரை ஒழுகவிட்டுப் புதுப் பெயிண்டில் கோடு போட்டுவிடும். வீட்டுக்குள் என்றால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304. மொட்டை மாடி, கடல் பார்த்த வெளிச்சுவர், கேட் என்றால் எஸ்.எஸ். 316. அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. காந்தம் வைத்து எஸ்.எஸ்.ஸா இரும்பா என்று ஓரளவு பார்க்கலாம், 304ஆ 316ஆ என்று அதில் தெரியாது. அதற்கு நம்பிக்கையான கடைதான் வழி.

சுவருக்குள் செருகும் பிளாஸ்டிக் கட்டையும் துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 6 மி.மீ. கட்டைக்கு 6 மி.மீ. பிட், 8 மி.மீ. கட்டைக்கு 8 மி.மீ. பிட். கடிகாரம், படம், சின்ன அலமாரிக்கு 6 போதும். டிவி, தண்ணீர் ஃபில்டர், திரைச்சீலைக் கம்பிக்கு 8. ஹாலோபிளாக் சுவரில் கட்டை கூட்டுக்குள் விழுந்து காணாமல் போகும். விரியும் வகை நீளக் கட்டை கேட்டு வாங்குங்கள்.

முதல் துளை

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். குளியலறைச் சுவரில் குழாய்க்கு நேர் மேலேயும் அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் மெயின் போர்டில் அந்த அறைக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் கொலு விளக்குக்குப் போடும் மெல்லிய வயராக இருக்கக் கூடாது. மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மிஷின் திணறும், சூடாகும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் வாங்குங்கள்.

கைலி, முந்தானை, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். சுற்றுகிற மிஷினைப் பிடிக்கும்போது துணிக் கையுறை வேண்டாம், பிட் அதைச் சுருட்டி இழுக்கும். கண்ணாடி கட்டாயம். காலில் ரப்பர் செருப்பு. ஃபைபர் படகில் துளை போடுகிறவர்கள் மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் போட வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் கரையாது.

சரி, சுவருக்கு வருவோம். பென்சிலால் கூட்டல் குறி போட்டு, ஆணியால் ஒரு தட்டு தட்டிச் சின்னப் பள்ளம் செய்யுங்கள். பிட்டின் மேல் கட்டையின் நீளத்துக்கு அரை விரற்கடை கூட்டி ஒரு டேப் சுற்றுங்கள், அதுதான் ஆழத்தின் எல்லை. முதலில் ஹேமர் இல்லாமல், மெதுவாக, பிட் பள்ளத்தில் உட்காரும் வரை. உட்கார்ந்ததும் நிறுத்தி, ஹேமருக்கு மாற்றி, இரண்டு கையாலும் நேராகத் தள்ளுங்கள். டைல்ஸ் என்றால் மேலே பேப்பர் டேப் ஒட்டி, டைல்ஸ் தாண்டும் வரை ஹேமரைத் தொடவே கூடாது.

பத்து விநாடிக்கு ஒரு முறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். பாதியில் இரும்பில் பட்டது போல நின்றுவிட்டால் அது கம்பி. அதை வெல்ல முயல வேண்டாம், இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் போடுங்கள். விட்டுவிட்ட அந்த ஓட்டையை அன்றைக்கே சிமெண்டோ எபாக்ஸியோ வைத்து அடையுங்கள். மற்ற ஊர்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில் காங்கிரீட்டில் திறந்து கிடக்கும் ஒவ்வொரு ஓட்டையும் உள்ளே இருக்கும் கம்பிக்கு உப்பைக் கொண்டுபோகும் வழி. கம்பி துருப்பிடித்து வீங்கித் தளம் பாளம் பாளமாக விழுவதை இங்கே எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்!

வேலை முடிந்ததும்

மிஷினை மணலில் வைக்காதீர்கள். வாசலில் வேலை செய்கிறபோது கீழே ஒரு சாக்காவது விரியுங்கள். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி, பக்கத்தில் இருக்கும் மணலையும் சேர்த்து உறிஞ்சும். முடிந்ததும் காய்ந்த பிரஷ்ஷால் காற்றுத் துவாரத்தைத் தட்டிச் சுத்தம் செய்து, சக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளே இருக்கும் சிமெண்ட் தூளைக் கொட்டுங்கள். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு சக்கின் தாடைகளில் விட்டு, சாவியால் முழுக்கத் திறந்து மூடி, வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். பிட்டுகளின் மேல் மெல்லிசாக வாசலின் தடவினால் போதும்.

அது வந்த அட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள், அட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடி போடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். கடல் பக்கத்து ஜன்னல், பரண், குளியலறைக்கு வெளியே உள்ள அலமாரி மூன்றும் வேண்டாம். சமையலறைக்குப் பக்கத்துச் சுவர் அலமாரி ஓரளவு காய்ந்திருக்கும், என் மிஷின் அங்கேதான் இருக்கிறது.

வேலையே இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை எடுத்து ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். மோட்டார் லேசாகச் சூடாகி உள்ளே தங்கிய ஈரம் போய்விடும், சக்கும் ஒரு முறை திறந்து மூடப்படும். நான் அமாவாசைக்கு அமாவாசை ஓட்டிவிடுவேன். அன்று காலையில் ராமேஸ்வரம் போகிற வண்டிகள் எங்கள் ஊர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். அதைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும்.